ரெண்டாவது குழந்தை வரப்போகிறது: மூத்தவளின் அறையை மாற்றுவதா, அப்படியே விடுவதா?

நவம்பர்_அம்மா
எல்லோருக்கும் வணக்கம். மேடவாக்கத்தில் ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட். ஐப்பசிக் கடைசியில் எனக்கு ரெண்டாவது பிரசவம். மூத்தவளுக்கு நாலு வயது, எல்.கே.ஜி. போகிறாள். பத்துக்குப் பத்து சின்ன அறை அவளுடையது என்று பெயர். உண்மையில் அவளுடைய பொம்மைகள்தான் அங்கே தூங்குகின்றன, அவள் எங்கள் நடுவில் தூங்குகிறாள்.

முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டதால் குழந்தைக்கென்று இங்கே எதுவும் செய்யவில்லை. இந்த முறையாவது அந்த அறையை அழகாகச் செய்ய ஆசை. மஞ்சள் பெயின்ட், ஒரு சுவரில் யானை, மேகம் ஸ்டிக்கர், ஜன்னலுக்குப் புதுத் திரை, மூத்தவள் படுத்த மரத்தொட்டில் (மாமியார் வீட்டுப் பரணில் இருக்கிறது), துணி வைக்க ஒரு சின்ன அலமாரி. நாற்பதாயிரத்துக்குள் முடிக்க வேண்டும்.

கணவர் "எதற்கு இதெல்லாம்?" என்கிறார். மாமியார் "பிறக்கிறதுக்கு முன்னாடி எதையும் வாங்கி வைக்காதே" என்கிறார். மூத்தவளுக்கு ஸ்கூல் இருப்பதால் இந்தத் தடவை நான் ஊருக்குப் போகவில்லை, அம்மாதான் இங்கே வந்து மூன்று மாதம் இருப்பார். எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

கோவை_ரெட்டைவால்
வாழ்த்துகள் தங்கச்சி. பெயின்ட், திரை எல்லாம் அப்புறம். முதலில் ஒரு கேள்வி: அந்த மூன்று மாதமும் உங்கள் அம்மா எங்கே படுப்பார்?

நவம்பர்_அம்மா
ஹாலில் சோபா கம் பெட் இருக்கிறது அக்கா. அதில்தான் என்று நினைத்தேன்.

கோவை_ரெட்டைவால்
அங்கேதான் சிக்கல். நம் வீடுகளில் குழந்தை அறை என்பது குழந்தைக்கு உதவுவதை விடப் பாட்டிக்குத்தான் உதவும். ராத்திரி ரெண்டு மணிக்கு நீங்கள் பால் கொடுத்து முடித்ததும், ஏப்பம் எடுக்க வைத்துத் தூங்க வைப்பது அம்மாதான். விடியற்காலையில் மூத்தவள் எழுந்து "அம்மா எங்கே?" என்று அழும்போது அவளைச் சமாளிப்பதும் அம்மாதான். அறுபது வயதில் அவரை சோபாவில் போட்டால் ரெண்டே வாரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அப்புறம் ரெண்டு குழந்தைகளோடு அவரையும் நீங்கள் பார்க்க வேண்டியிருக்கும்.

என் வீட்டில் செய்தது இதுதான். சின்ன அறையில் நல்ல மெத்தையோடு ஒரு ஒற்றைக் கட்டில், பக்கத்தில் பெரியவனுக்குத் தாழ்வான இன்னொரு கட்டில். பாட்டியும் பேரனும் ஒரு அறை. நானும் கைக்குழந்தையும் எங்கள் அறை. குழந்தைக்கென்று நான் வாங்கியது ஒரு கொசுவலையும் ரப்பர் ஷீட்டும் மட்டும். அலங்காரத்துக்கு ஒதுக்கிய காசெல்லாம் கட்டிலுக்குப் போனது. இன்றுவரை வருத்தம் இல்லை.

ஸ்கார்பரோ_பிள்ளை
நான் கனடாவில இருக்கிறேன், ஊர் யாழ்ப்பாணம். இங்கே பிள்ளை பிறக்க முதலே தனி அறை செய்துவிட வேண்டும் என்று எல்லோரும் சொல்லுவினம். நாங்களும் செய்தோம். ஸ்கேனில் ஆண் பிள்ளை என்று சொன்னதால் நீல பெயின்ற், சுவர் முழுக்க நட்சத்திரம், மூலையில் ஆடும் கதிரை. பிள்ளை எட்டு மாதம் வரை எங்கட கட்டிலுக்குப் பக்கத்திலதான் கிடந்தது. அந்த அறைக்குள் உடுப்பு மடிப்போம், வேறு ஒன்றும் இல்லை. கதிரை மட்டும் நல்ல பிரயோசனம், இரவில் பால் கொடுக்க அதை எங்கட அறைக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டேன்.

உங்களுக்கு என்ன பிள்ளை என்று சொல்லிவிட்டார்களா? அப்படியென்றால் நிறம் முடிவு செய்வது லேசு.

அப்பா_நம்பர்_2
இங்கே சொல்ல மாட்டார்கள் அக்கா. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடை செய்து 1994-லேயே சட்டம் வந்துவிட்டது. ஸ்கேன் சென்டர் வாசலிலேயே போர்டு தொங்கும். அதனால் இங்கே எல்லோருமே மஞ்சள், பச்சை, வெள்ளைக் கட்சிதான்.

ஸ்கார்பரோ_பிள்ளை
ஓம், மறந்துபோனேன். அதுவும் நல்லதுக்குத்தான். எங்கட ரெண்டாவது பெண் பிள்ளை, அந்த நீல அறையிலேயே சந்தோஷமாக இருக்கிறாள்.

வார்டு_சிஸ்டர்
பச்சிளங்குழந்தைகள் வார்டில் வேலை செய்கிறேன். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை: மஞ்சள் மட்டும் வேண்டாம்.

பிறந்த குழந்தைகளில் பத்தில் ஆறு பேருக்கு முதல் வாரத்தில் கொஞ்சமாவது மஞ்சள் காமாலை வரும். பெரும்பாலும் தானாகப் போய்விடும், சிலருக்கு நீல விளக்கின் கீழே வைக்க வேண்டி வரும். அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை வீட்டில் கண்ணால் பார்த்துத்தான் முதலில் பிடிக்கிறோம். நெற்றியிலோ மார்பிலோ விரலை அழுத்தி எடுத்தால், அந்த இடம் ஒரு நொடி வெளுக்கும். அந்த வெளுப்பில் மஞ்சள் தெரிகிறதா என்று பார்ப்போம். மஞ்சள் சுவர், மஞ்சள் துணி, மஞ்சள் பல்பு மூன்றும் சேர்ந்தால் எல்லாக் குழந்தையும் மஞ்சளாகத்தான் தெரியும். நிஜமாகவே ஏறியிருந்தாலும் "அது வெளிச்சம்தான்" என்று விட்டுவிடுவார்கள். மாநிறக் குழந்தைகளுக்கு இன்னும் கஷ்டம்.

வெள்ளையோ, லேசான சாம்பலோ அடியுங்கள். பகலில் ஜன்னல் ஓரம் குழந்தையைப் படுக்க வைத்துப் பார்க்க இடம் இருக்கட்டும். உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினாலோ, குழந்தை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ யோசிக்காமல் கிளம்பி வாருங்கள்.

நவம்பர்_அம்மா
சிஸ்டர், இதை யாரும் சொல்லவில்லை! மஞ்சள் ரத்து. மூத்தவளிடம் கேட்டேன், "வெள்ளை, ஆனா யானை வேணும்" என்றாள்.

பட்டி_பார்ப்பவன்
மேடம், நான் பெயின்ட் கான்ட்ராக்ட் எடுப்பவன். நிறத்தை விட எப்போது அடிக்கிறீர்கள் என்பது முக்கியம். உங்கள் தேதி ஐப்பசிக் கடைசி. தீபாவளிக்கு முன் ஆள் கிடைக்க மாட்டார்கள், கிடைத்தாலும் கூலி ஏறியிருக்கும். வடகிழக்குப் பருவமழை வேறு அக்டோபரில் தொடங்கிவிடும், சுவர் காயாது. ஈரத்தில் அடித்த பட்டி ஆறு மாதத்தில் பொரிந்து கொட்டும். ஆடியிலேயே முடித்துவிடுங்கள். காற்று இருக்கும், கிரகப்பிரவேசம் எதுவும் நடக்காததால் எங்களுக்கும் வேலை குறைவு.

மழைக்காலத்தில் அந்த அறையின் வெளிச்சுவரில் ஓதம் காக்கிறதா? சிமென்ட் தரையோடு சேரும் இடத்தில் உப்பு பூத்த மாதிரி வெள்ளைப் பொடி இருந்தால் முதலில் வெளியே வாட்டர் ப்ரூஃபிங். அதைச் செய்யாமல் உள்ளே என்ன அடித்தாலும் வீண். ஓதம் காத்த சுவரில் பூஞ்சை வரும், கைக்குழந்தைக்கு அதுதான் ஆகாது.

கட்டடம் எந்த வருஷத்தது?

நவம்பர்_அம்மா
1998 அண்ணா. நாங்கள் வாங்கியது செகண்ட் ஹேண்ட். ஜன்னல் பக்கம் கொஞ்சம் பொரிந்திருக்கிறது. ஆடியில் பெயின்ட் அடிப்பதா என்று மாமியார் கேட்பார்.

பட்டி_பார்ப்பவன்
வீடு கட்டவில்லை, சுவரைத்தான் சுத்தம் செய்கிறோம் என்று சொல்லுங்கள். பல வீட்டில் அப்படித்தான் சம்மதம் வாங்கியிருக்கிறேன்.

1998 என்றால் கவனம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் வந்து, 2017 நவம்பர் 1-ல் தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்த எனாமலில், முக்கியமாக ஜன்னல் கம்பி, கதவு, கிரில்லில் அடித்த பளபளப்பான நிறங்களில், ஈயம் தாராளமாக இருக்கலாம். புதுப் பெயின்ட்டால் பெரிய பயம் இல்லை. பழையதைச் சுரண்டும்போது பறக்கும் தூள்தான் விஷம். ஆள் வந்து உப்புத்தாளை வைத்துக் காய்ந்தபடியே தேய்த்தால் நிறுத்தச் சொல்லுங்கள். தண்ணீர் தொட்டு ஈரமாகத் தேய்க்க வேண்டும், தரையில் பிளாஸ்டிக் விரிக்க வேண்டும், தூளைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும். பெயின்ட் உரியாமல் கெட்டியாக இருக்கும் இடத்தைச் சுரண்டவே வேண்டாம், மேலேயே அடித்துவிடலாம்.

வேலை நடக்கும் நாட்களில் நீங்களும் பாப்பாவும் அந்த வீட்டில் இருக்கவே கூடாது. மாமியார் வீட்டுக்குப் போய்விடுங்கள். முடிந்த பிறகு ரெண்டு, மூன்று வாரம் ஜன்னலைத் திறந்தே வையுங்கள். வாசனை குறைந்த எமல்ஷன் கேட்டால் கடையில் கொடுப்பார்கள், விலை கொஞ்சம் கூட.

திருச்சி_பாட்டி
எல்லாம் படித்தேன். பெயின்ட், ஸ்டிக்கர், கட்டில் என்று எல்லோரும் சொல்கிறீர்கள், தூளி கட்டக் கொக்கி இருக்கிறதா என்று ஒருத்தர் கூடக் கேட்கவில்லை! மூன்று பிள்ளை, அஞ்சு பேரன் பேத்தி, எல்லோரும் என் பருத்திப் புடவைத் தூளியில்தான் தூங்கினார்கள். மரத்தொட்டிலில் போட்டால் பத்து நிமிஷத்தில் முழித்துக்கொள்ளும். தூளியில் உடம்பைச் சுற்றிக் கதகதப்பாக இருக்கும், கொசுவும் அண்டாது. கூடவே கடுகுத் தலையணை ஒன்று தைத்து வைத்துக்கொள்ளம்மா, தலை உருண்டையாக வரும்.

வார்டு_சிஸ்டர்
பாட்டி, கோபித்துக்கொள்ளாதீர்கள். ராத்திரி முழுக்கத் தூளியில் விடுவது எனக்குச் சம்மதம் இல்லை. பிறந்த குழந்தைக்குத் தலை கனம், கழுத்து நிற்காது. துணி வளைந்து தொங்கும்போது தாடை மார்பில் ஒட்டிக்கொண்டால் மூச்சுப் பாதை மடங்கும், அழவும் முடியாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2022-ல் கொடுத்த வழிகாட்டியிலும் இதுதான்: மல்லாக்கப் படுக்க வை, கெட்டியான சமதளம், பக்கத்தில் தலையணை, பொம்மை, கனமான போர்வை எதுவும் வேண்டாம், குறைந்தது ஆறு மாதம் பெற்றோரின் அறையிலேயே ஆனால் தனிப் படுக்கையில். மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லி 1994-ல் அங்கே பிரசாரம் தொடங்கிய பிறகு, தூக்கத்தில் காரணமே தெரியாமல் நேரும் சாவுகள் பாதிக்கு மேல் குறைந்தன.

கடுகுத் தலையணையும் வேண்டாம். ஒரே பக்கம் படுத்துத் தலை தட்டையானால், முழித்திருக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருந்து குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

இந்த வீட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நாலு வயதுக் குழந்தை இருக்கிறது. காலியாகத் தொங்கும் தூளியில் மூத்த பிள்ளை ஏறி உட்கார்ந்து முறுக்கி விளையாடும்போது கழுத்து இறுகிப் போன செய்தி தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப வருகிறது. பெரியவர்கள் சமையலறையில்தான் இருந்திருப்பார்கள்.

திருச்சி_பாட்டி
கோபம் இல்லை சிஸ்டர். அந்தச் செய்தியை நானும் படித்திருக்கிறேன், வயிறு கலங்கும். ஆனால் தூளியே கூடாது என்றால் பகலில் அந்தப் பெண் சோறு எப்போது சாப்பிடுவாள்?

நான் கட்டுவதைச் சொல்கிறேன். பழைய பருத்திப் புடவை மட்டும், வழுக்கும் புடவை ஆகாது. தரையிலிருந்து ஒரு முழம்தான் உயரம், கீழே பாய். உள்ளே குறுக்குக் கம்பு போட்டுத் துணியை விரித்து வைப்பேன், முகத்தை மூடாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வேன், அரிசி பொறுக்குவேன், நகர மாட்டேன். குழந்தை எழுந்ததும் துணியை அவிழ்த்து மடித்துப் பீரோவில் வைத்துவிடுவேன், கொக்கி மட்டும் தொங்கும். ராத்திரிக்குப் பாய்தான்.

வார்டு_சிஸ்டர்
இப்படிக் கட்டினால் என் சண்டை பாதி தீர்ந்தது. கழுத்து நிற்கும் வரை மட்டும் பொறுத்திருங்கள். அவிழ்த்து வைப்பதை எல்லோரும் உங்களை மாதிரிச் செய்தால் நான் ஏன் பேசப்போகிறேன்.

பட்டி_பார்ப்பவன்
கொக்கி விஷயத்தில் ஒன்று: தளத்துக் கான்கிரீட்டில் கம்பியோடு சேர்த்துப் பதித்த கொக்கியில் மட்டும் கட்டுங்கள். ஃபால்ஸ் சீலிங்கில் கட்டவே கூடாது. இப்போது ஃபேன் மாட்டியிருக்கும் கொக்கியிலும் வேண்டாம்.

அப்பா_நம்பர்_2
மூத்தவளைப் பற்றி யாரும் பேசவில்லையே. ரெண்டு வருஷம் முன்பு எங்கள் வீட்டில் தொட்டிலைத் தயார் செய்து வைத்த அன்று, மூத்தவன் தன் கார் எல்லாவற்றையும் அதில் வரிசையாக அடுக்கிவிட்டு, காலை மடக்கிக்கொண்டு நடுவில் படுத்துவிட்டான். எழுப்பினால் "இது என் பார்க்கிங்" என்றான். எங்களுக்குச் சிரிப்பு வந்தது, அவனுக்கு அது சீரியஸ்.

அதனால் அவளை நகர்த்துவதாக இருந்தால் இப்போதே செய்யுங்கள். உங்கள் நடுவில் தூங்குபவளைப் பிரசவத்துக்குப் பிறகு வேறு அறைக்கு அனுப்பினால், தம்பியோ தங்கையோ வந்து தன் இடத்தைப் பிடுங்கிக்கொண்டதாகத்தான் கணக்கு வைப்பாள். ஆவணியிலேயே புதுக் கட்டில், அவளே தேர்ந்தெடுத்த பெட்ஷீட் என்று பழக்கிவிட்டால், குழந்தை வரும்போது அது பழைய கதையாகியிருக்கும். முதலில் நீங்களோ கணவரோ கூடப் படுங்கள், அப்புறம் பாட்டி வந்ததும் அந்த இடத்தைப் பாட்டி பிடித்துக்கொள்வார்.

கோவை_ரெட்டைவால்
நான் சொன்னதும் இதேதான், நீங்கள் அழகாகச் சொல்லிவிட்டீர்கள் 😄 தங்கச்சி, அந்த யானை ஸ்டிக்கரை அவளையே ஒட்டச் சொல்லுங்கள். கோணலாக இருந்தாலும் தொடாதீர்கள்.

கார்த்திகை மழையில் துணி காய்வதையும் யோசியுங்கள். கைக்குழந்தைத் துணி ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து விழும், வெயில் ஒரு மணி நேரம் எட்டிப் பார்க்கும். எந்த அறையை எப்படி அலங்கரித்தாலும் அந்த ரெண்டு மாதமும் அங்கே தொங்கப்போவது லங்கோடுதான். ஃபேனுக்குக் கீழே மடக்கு ஸ்டாண்ட் வைக்க இடம் விட்டுக் கட்டிலைப் போடுங்கள். அந்த அறை பாட்டியும் மூத்தவளும் தூங்கும் அறையாக இருந்தால் ஸ்டாண்டை ஹாலுக்குக் கொண்டு போய்விடுங்கள், ஈரத்துணி வாசனையில் யாரும் தூங்க முடியாது.

நவம்பர்_அம்மா
துணி என்றதும் ஞாபகம் வருகிறது. மூத்தவளின் சட்டை, ஸ்வெட்டர், துண்டு எல்லாம் ஒரு சூட்கேஸில் அந்துருண்டை போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன். மாமியார் புதுசு வாங்க வேண்டாம் என்பதால் அதையே எடுத்து அறையில் அடுக்கிவிடலாம் அல்லவா?

வார்டு_சிஸ்டர்
அப்படியே எடுத்துப் போடவே கூடாது! நல்லவேளை கேட்டீர்கள். அந்துருண்டை நாஃப்தலின். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு அதன் நெடியே போதும், ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து காமாலை விறுவிறுவென்று ஏறிவிடும். பரம்பரையாக வருவது, ஆண் குழந்தைகளிடம் அதிகம். வீட்டில் யாருக்கும் தெரியாமலே இருக்கும்.

இப்போதே சூட்கேஸை பால்கனியில் திறந்து உருண்டைகளை எறிந்துவிடுங்கள். துணியை ரெண்டு தடவை துவைத்து, நல்ல வெயிலில் சில நாள் போடுங்கள். முகர்ந்து பார்த்தால் துளி வாசனையும் இருக்கக் கூடாது. ஸ்வெட்டரில் போகவில்லை என்றால் அதைக் கைவிட்டுவிடுங்கள். அதே அறையில் இருக்கும் உங்கள் பட்டுப்புடவைப் பீரோவிலும் உருண்டை இருந்தால் எடுத்துவிடுங்கள். வேப்பிலை காயவைத்துப் போடலாம்.

குளித்ததும் சாம்பிராணி காட்டும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். பிஞ்சு நுரையீரலுக்கு எந்தப் புகையும் நல்லதில்லை.

திருச்சி_பாட்டி
சாம்பிராணியுமா? சரி, தலை துவட்டிவிட்டால் போதும் என்கிறீர்கள்.

ஸ்கார்பரோ_பிள்ளை
பரணில் இருக்கிற அந்தத் தொட்டிலை இறக்கினால் நன்றாகப் பாருங்கோ. ஒரு பக்கம் இறங்கி ஏறுகிற வகையோ? இங்கே 2016 முடிவில இருந்து அந்த வகையை விற்கவே தடை, பக்கம் கழன்று பிள்ளை இடையில் சிக்கின படியால். கம்பி இடைவெளி ஆறு சென்ரிமீற்றருக்கு மேல் இருக்கக் கூடாது, குளிர்பான ரின் ஒன்று உள்ளே போனால் பிழை. மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவில் ரெண்டு விரல் போனாலும் பிழை. நுளம்பு வலை போட்டால் இறுக்கமாக விரித்துக் கட்டுங்கோ, பிள்ளையின் முகத்தில் விழாமல்.

நவம்பர்_அம்மா
நேற்று கணவர் போய்ப் பார்த்தார். இறங்கும் பக்கம்தான், ஒரு ஸ்பிரிங் வேறு துருப்பிடித்திருக்கிறது. அது பரணிலேயே கிடக்கட்டும். குழந்தைக்கு எங்கள் அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் கீழே தனி மெத்தை, குடை மாதிரி விரியும் வலை. அதைப் பிறந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம், மாமியாருக்கும் நிம்மதி.

சின்ன அறை அம்மாவுக்கும் மூத்தவளுக்கும். கட்டில் ரெண்டு, வெள்ளைப் பெயின்ட், யானை. காசில் பெரும்பகுதி வெளிச்சுவர் வாட்டர் ப்ரூஃபிங்குக்கும் கட்டிலுக்கும் போகும். கணவர் இப்போது "எதற்கு?" என்று கேட்பதில்லை, கட்டில் விலை விசாரிக்கிறார்.

அப்பா_நம்பர்_2
அருமை. அந்த அறையில் ஸ்டீல் பீரோ இருந்தால் சுவரோடு எல் கிளாம்ப் போட்டு முடுக்கிவிடுங்கள். கதவைத் திறந்து கீழ்த் தட்டில் ஏறி நின்றால் ஆளோடு சாயும். மூத்தவளின் குட்டிப் பொம்மைகள், முக்கியமாக பட்டன் பேட்டரி போட்டவை, மேல் தட்டுக்கு. ஐந்தாறு மாதத்தில் இளையது எதை எடுத்தாலும் வாய்க்குத்தான் கொண்டு போகும்.

நவம்பர்_அம்மா
ஞாயிற்றுக்கிழமை டிரில்லிங் மெஷினோடு ஆள் வருகிறார், திரைக்கம்பியோடு பீரோவையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பட்டி அண்ணா, வெள்ளை என்றால் கடையில் ஏகப்பட்ட வெள்ளை காட்டுகிறார்களே, எதை எடுப்பது?

பட்டி_பார்ப்பவன்
நீலம் கலந்த வெள்ளை வேண்டாம், டியூப்லைட்டில் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். மஞ்சள் சாயும் கிரீமும் சிஸ்டர் சொன்ன காரணத்துக்காக வேண்டாம். லேசாகச் சாம்பல் கலந்த வெள்ளையில் ரெண்டு சாம்பிள் டப்பா வாங்கி, ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு சாண் அகலத்துக்கு அடித்து, பகலிலும் ராத்திரியிலும் பாருங்கள். நாலு வயசுக் குழந்தை கிறுக்கும், அதனால் துடைத்தால் போகும் வகை எமல்ஷன் கேளுங்கள். ஷேடு நம்பரைக் கதவுக்குப் பின்னால் எழுதி வையுங்கள், பின்னால் டச்சப் செய்ய வேண்டி வரும்.